லீவு ஒத்துக்காத மனுஷன்

லீவு போட்டால் அவருக்குக் காய்ச்சல் வரும் என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம்.

சிலருக்குக் கத்தரிக்காய் ஒத்துக்கொள்ளாது, சிலருக்குப் பனிக்காற்று. வெல்டிங் பட்டறைக்காரருக்கு ஓய்வு ஒத்துக்கொள்ளாது. சனிக்கிழமை மத்தியானம் ஷட்டரை இறக்கிப் பூட்டுவார். ஞாயிறு முழுக்கக் காலை நீட்டிப் படுப்பார். திங்கட்கிழமை காலையில் தெளிந்த முகத்தோடு வேலைக்குப் போவார். அன்று சாயங்காலம் நாக்கில் ஒரு தித்திப்பு வரும், தகரத்தை நக்கினாற்போல. செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார். பிறகு குளிர் தூக்கிப்போடும். இரண்டு போர்வை போர்த்தினாலும் பல் தந்தியடிக்கும். செவ்வாய்க்கிழமை வேர்த்துக் கொட்டி, அடித்துப்போட்ட மாதிரி கிடந்து, புதன்கிழமை ஒன்றுமே நடக்காதவர்போல எழுந்து போய்விடுவார்.

"என் தம்பி உடம்பு உழைச்ச உடம்பு. சும்மா வச்சா துருப்பிடிக்கத்தான் செய்யும்" என்பாள் அக்காக்காரி. வீட்டின் முன்னறையில் இஸ்திரி மேசை போட்டுத் தெருவின் சட்டைகளைத் தேய்ப்பவள் அவள். அவள் வாயிலிருந்து வந்த தீர்ப்பு மடிப்புக் கலையாமல் தெரு முழுக்கப் போய்ச் சேரும்.

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. அவர் அதை நெஞ்சிலே வாங்கிக்கொண்டார். பதினொரு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளித்துவிட்டு வந்தவர், சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். அந்தத் திங்கட்கிழமை காய்ச்சல் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. கன்னத்தில் அறைந்து விரட்டின மாதிரி போய்விட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அன்றிலிருந்து அந்த வீட்டில் ஞாயிறு என்று ஒரு கிழமை கிடையாது. காலையில் பட்டறையில் குழாய்களைப் பற்றவைப்பார். மத்தியானத்துக்கு மேல் ஒரு சில்வர் பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாகச் சைக்கிளில் கிளம்பி, தான் எப்போதோ செய்துகொடுத்த கேட்டுகளையும் கைப்பிடிகளையும் தேடிப் போய், மூட்டுகளில் பழுப்பு தெரிகிற இடத்தில் ஒரு பூச்சு இழுத்துவிட்டு வருவார். யாரும் கூப்பிடாமலே போவார். அதனாலேயே ஊரில் அவருக்கு 'சில்வர்' என்று பெயர்.

அவர் மனைவிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. 'குறிப்பு.' அவள் பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலை பார்த்தாள். நான்கு பெரிய தொட்டிகள். காலையும் மாலையும் ஒவ்வொன்றின் சூட்டையும் பார்த்துத் தாளில் குறிக்க வேண்டும். நான்கு டிகிரிக்கு மேலே போனால் மணி அடிக்க வேண்டும். பதினாறு வருடமாகக் குறித்துக் குறித்து, எதைப் பார்த்தாலும் எண்ணாகப் பார்க்கிற பழக்கம் கைக்கு வந்துவிட்டது. அவருக்கு முதல் காய்ச்சல் வந்தபோதே நிலையத்தில் மிச்சமான தாள் ஒன்றைக் கொண்டுவந்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். 'தொட்டி எண்' என்று அச்சடித்திருந்த இடத்தில் 'அவர்' என்று எழுதினாள்.

காய்ச்சல் நின்ற பிறகும் அவள் குறிப்பதை நிறுத்தவில்லை. அவர் வேலைக்குப் போன ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் மட்டும் எண் எழுதாமல் ஒரு சின்ன வட்டம் போட்டாள். அவ்வளவுதான். அதைப் பற்றி அவரிடம் பேசியதில்லை.

*

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒரு பகல், ஒரு இரவு ரயிலில் போனால் வருகிற ஊரில் இருந்தாள். வயிற்றில் ஆறு மாதம்.

"அம்மா, நீ மட்டும் வந்தா கதவைத் தொறக்க மாட்டேன். அப்பாவும் வரணும். பத்து நாள் இருக்கணும்."

மனைவி தொலைபேசியை அவர் காதில் வைத்தாள்.

"பத்து நாளா?" என்றார், பத்து வருடம் என்று கேட்டவர் மாதிரி. "ரெண்டு நாள்ல வந்து பாத்துட்டுப் போறேனே, கண்ணு."

"ரெண்டு நாளும் ரயில்லதான் இருப்பீங்க. என் வீட்டுல எப்ப இருப்பீங்க?"

அவர் தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தட்டில் இருந்த சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கினார். மழை வாசல் தகரக் கூரையின்மேல் பெய்துகொண்டிருந்தது. முன்னறையில் இஸ்திரிப் பெட்டி ஒரு தரம் சீறியது.

"ஒரு நாள் லீவுக்கு நூத்தி மூணு வந்துச்சு" என்றார் கடைசியாக. "பத்து நாள் போட்டா என்ன வரும்னு நீயே கணக்குப் போட்டுக்கோ."

"அது அப்படி ஏறுமாங்க?"

"பின்ன இறங்குமா?"

"பேரப்பிள்ளை பொறக்கும்போது தாத்தா எங்கேன்னு கேட்டா, வெல்டிங் வைக்கிறார்னு சொல்லவா?"

"பொறந்த உடனே அது ஒண்ணும் கேட்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினார். கிண்டலாகச் சொன்னதுதான். ஆனால் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அவர் நின்ற விதத்தில் பயம் இருந்தது. போக ஆசைதான். பட்டறையில் உதிரி இரும்பை வளைத்துத் தொட்டிலுக்குக் கொக்கி ஒன்று செய்து, எண்ணெய்த் துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்தார். அதை அவள் எப்போதோ பார்த்துவிட்டாள்.

*

மறுநாள் காலையில் அவள் அலமாரியைத் திறந்து பழைய தாள்களை எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். அவர் லீவு எடுத்துக்கொண்டிருந்த கடைசி சில மாதங்களின் தாள்கள். பதினான்கு திங்கட்கிழமைகள். பதினொன்றில் காய்ச்சல். மூன்றில் இல்லை.

அந்த மூன்றையும் அன்றைக்கு அவள் சட்டை செய்யவில்லை. வந்த காய்ச்சலைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், வராத காய்ச்சலை யார் பார்ப்பது? இப்போது அந்த மூன்று கட்டங்களும் அவளைப் பார்த்தன.

சாயங்காலம் அவர் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "ஏங்க, போன வருஷம், நம்ம தெருவுல தண்ணிக் குழாய் உடைஞ்சுதே, அந்த வாரத் திங்கக்கிழமை என்ன வேலை பாத்தீங்க?"

"இதென்ன விசாரணை?"

"சொல்லுங்களேன்."

சாப்பிட்டதை மறப்பாரே தவிர, செய்த வேலையை மறக்க மாட்டார். "பள்ளிக்கூடத்து ஜன்னல் கம்பி. கருப்பு இரும்பு. முப்பத்தாறு சட்டம்."

"அதுக்கு மூணு வாரம் கழிச்சு?"

"அதுவும் அதே ஜன்னல்தான். மிச்சம் பன்னெண்டு."

"சரி. அண்ணி பல்லு பிடுங்கின வாரம்?"

முன்னறையிலிருந்து குரல் வந்தது. "என் பல்லை ஏன் இழுக்கறே?"

"அன்னைக்கு…" அவர் யோசித்தார். "அன்னைக்குக் கரண்டே இல்ல. டிரான்ஸ்பார்மர் போச்சு. நாள் பூரா பட்டறை வாசல்ல ஈ ஓட்டினேன்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கிழமை லீவு எடுத்தீங்க. திங்கக்கிழமை வெல்டிங் இல்ல. காய்ச்சலும் இல்ல."

"அதனால?"

"லீவுதான் காரணம்னா, அன்னைக்கும் வந்திருக்கணுமே?"

தேநீர்க் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனவர் குடிக்காமலே இறக்கினார். "மழை வலுக்கறதுக்கு முன்னாடி அந்தத் தகர ஷீட்டைக் கட்டணும்" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு எழுந்தார்.

பூச்சு இல்லாத கருப்பு இரும்பு என்றால் காய்ச்சல் இல்லை. மற்ற பதினொரு திங்களும் என்ன வேலை என்று அவளுக்குக் கேட்கவே தேவைப்படவில்லை. துத்தநாகப் பூச்சுப் போட்டு வெள்ளைவெளேரென்று வருகிற ஜி.ஐ. பைப். ஊரே அதைத்தான் கேட்டது. துருப்பிடிக்காதே!

*

கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் பட்டறைக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறாளே தவிர, உள்ளே நின்று பார்த்ததில்லை. நிலையத்தில் மாலை முறைக்கு மாற்றிக்கொண்டு ஒரு காலையில் போனாள். ஷட்டர் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. தெருவோடு போகிற பள்ளிப் பிள்ளைகள் அந்த நீல வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று எப்போதும் இறக்கியேதான் வைப்பார். மழை நாளில் பின்கதவும் சாத்தியிருக்கும். குனிந்து உள்ளே போனாள்.

"இங்க எதுக்கு வந்தே? அந்தப் பக்கம் திரும்பி நில்லு. கண்ணு போயிரும்."

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் வெல்டிங் ராடு இரும்பைத் தொட்டதும் சடசடவென்று சத்தம். எண்ணெயில் ஈரம் விழுந்த மாதிரி. சுவரில் அவர் நிழல் நீலமாகத் துடித்தது. அந்த நிழலின் தலைக்குமேல் இன்னொரு நிழல் எழுந்து சுருண்டு சுருண்டு போவதைக் கண்டாள். சத்தம் நின்றதும் திரும்பினாள். புகை. அடுப்புப் புகை மாதிரி கருப்போ சாம்பலோ அல்ல, பால் பொங்கும்போது நுரை இருக்குமே, அந்த வெள்ளை. போக வழியில்லாமல் ஓட்டுக்குக் கீழே தேங்கி நின்றது. அவர் முகமூடிக் கண்ணாடியைத் தூக்கினார். மூக்கில் ஒரு கைக்குட்டை கட்டியிருந்தார். புருவ மயிரில் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது.

மூலையில் சிலந்தி வலைகளைப் பார்த்தாள். ஒவ்வொரு இழையும் நூல்கண்டு நூல் அளவுக்குத் தடித்து வெளுத்துத் தொங்கியது. விரலால் தொட்டாள். மாவாக உதிர்ந்தது.

"சிலந்தியைக் காணோமே" என்றாள்.

"லீவுல போயிருக்கும்" என்றார். இருமினார்.

"இந்தப் புகையை விழுங்கினா ஒண்ணும் பண்ணாதா?"

"அதுக்குத்தானே தினம் உன் பாலை ஒரு சொம்பு குடிக்கிறேன். பால் அப்படியே இழுத்துக்கிட்டுப் போயிரும். எல்லா வெல்டரும் அதைத்தான் குடிப்பான்."

"பால் வயித்துக்கில்ல போகுது? புகை நெஞ்சுக்குத்தானே போகுது? ரெண்டும் எங்க சந்திக்கும்?"

இதை அவர் யோசித்ததில்லை என்று முகத்தில் தெரிந்தது. "போய் உன் தொட்டியைப் பாரு" என்றார்.

*

மருத்துவமனையில் டாக்டரம்மா அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். "தொட்டி எண், அவர்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, தாளைத் தாளாகப் புரட்டினார். போன வருடம் இரண்டு முறை ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்து, ஒன்றுமில்லை என்று அனுப்பியவர் இவர்தான்.

"என்ன வேலைன்னு நானும் கேட்கல, நீங்களும் சொல்லலையே" என்று கடிந்துகொண்டார். யாரைக் கடிந்துகொண்டார் என்று தெரியவில்லை. "இது புகைக் காய்ச்சல். அந்தத் துத்தநாகம் எரிஞ்சு வர்ற புகை. தொடர்ந்து அடிச்சிட்டே இருந்தா உடம்பு பழகிக்கும், காய்ச்சல் காட்டாது. ரெண்டு நாள் விட்டா பழக்கம் மறந்துரும். திங்கக்கிழமை புகை பட்டதும் புதுசா அடிபட்ட மாதிரி எகிறும்."

"அப்ப ஞாயித்துக்கிழமையும் வேலை பாத்தா காய்ச்சல் வராதுங்கறது சரிதானே?" பட்டறைக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"காய்ச்சல் வராது. புகை போறது போயிட்டேதான் இருக்கும். மணி அடிக்குதுன்னு மணியைக் கழட்டி வச்சுட்டீங்க. இந்த இருமல் எத்தனை நாளா?"

அவர் நிமிர்ந்த முதுகு மெல்லச் சாய்ந்தது. மணி என்ற சொல் அவருக்குப் புரிந்ததைவிட அவளுக்கு அதிகம் புரிந்தது. நான்கு டிகிரிக்கு மேல்.

"பூச்சு இருக்கிற இடத்துல நெருப்பு வைக்காதீங்க. மூட்டு வர்ற இடத்துல ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் அகலம் தேய்ச்சு எடுத்துருங்க. தேய்க்கும்போது பறக்கிற தூளும் ஆகாது. கைக்குட்டை உதவாது, புகைக்குன்னு வடிகட்டி வச்ச முகமூடி வேணும். காத்தாடி போட்டு முகத்துக்குக் குறுக்கா புகையை விரட்டுங்க. முக்கியமா, புகைக்கு மேல தலையைக் கொண்டுபோகாதீங்க."

"பால்?" என்றாள் அவள்.

"பால் நல்லது. குடிக்கட்டும். இதுக்கு மருந்து இல்ல."

*

வீட்டுக்குத் திரும்பும்போது மழை பெய்தது. குடைக்குள் இரண்டு பேரும் ஒட்டி நடந்தார்கள். வாசலுக்கு வந்தபிறகு சொன்னார்: "முகமூடி வாங்கிக்கிறேன். பின்கதவைத் தொறந்து வைக்கிறேன், தெருப்பக்கம் படுதா தொங்கவிடறேன். ஆனா பூச்சை உரிக்க மாட்டேன்."

ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் படகுத்துறைப் படிக்கட்டுக்கு ஜி.ஐ. பைப்பில் கைப்பிடி செய்தார். அப்போது மேற்பார்வை பார்த்த இன்ஜினீயர் மூட்டுகளைத் தேய்த்துவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும் என்று சொன்னதால், தேய்த்துப் பற்றவைத்து, மேலே சில்வர் அடித்து, கண்ணாடி மாதிரி பளபளக்கக் கொடுத்தார். ஒரே மழைக்காலம். எந்த இடத்தில் தேய்த்தாரோ கணக்காக அந்த இடத்தில் எல்லாம் துரு கண்ணீர் விட்டு ஒழுகியது. படகுக்குப் போகிறவர்கள் எல்லாம் வெள்ளைச் சட்டையோடு அதில் சாய்ந்தார்கள். முழங்கையில் பழுப்புக் கறையோடு அந்தச் சட்டைகள் தேய்க்க வந்த இடம் எது? இதே முன்னறை. அக்காக்காரி ஒரு மாதம் எலுமிச்சம்பழமும் உப்புமாகத் தேய்த்துத் தேய்த்து விரல் வெந்துபோனாள். "உன் தம்பி போட்ட கையெழுத்து" என்று சட்டையைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று எடுத்த சபதம், பூச்சுமேல் தேய்க்கும் சக்கரம் வைப்பதில்லை என்று.

"தேய்ச்ச இடத்துல என்ன அடிச்சீங்க?" என்று அவள் கேட்டது ராத்திரிச் சாப்பாட்டின்போது.

"சில்வர்."

"சில்வர்ல என்ன இருக்கு?"

"சில்வர்ல சில்வர்தான் இருக்கும்."

"வெள்ளியா?"

அக்காக்காரி களுக்கென்று சிரித்துவிட்டாள். "இத்தனை வருஷம் வெள்ளி அடிச்சானாம் என் தம்பி. எனக்கு ஒரு மோதிரத்துக்குக்கூடப் பூசிவிடல."

அவருக்குத் தெரியவில்லை. அது அவரை உறுத்தியது. மறுநாள் அவரே பெயிண்ட் கடைக்குக் கிளம்பினார். அவளும் ஒட்டிக்கொண்டாள்.

கடைக்காரர் காதில் பென்சில் செருகிய குண்டு மனிதர். "சில்வரா? அலுமினியத் தூள் அண்ணே. அழகுக்கு. சும்மா போர்வை மாதிரி. கிழியற வரைக்கும் மறைக்கும்."

"துத்தநாகத்தை எடுத்த இடத்துல மறுபடி துத்தநாகத்தையே பூச முடியாதா?" என்றாள் அவள்.

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து தூசி படிந்த டப்பா ஒன்றை இறக்கினார். "ஜிங்க் பெயிண்ட். உள்ள பூரா துத்தநாகப் பொடி. ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. பளபளன்னு இருக்காது, சாம்பல் பூசின மாதிரி இருக்கும். ஆனா துரு இரும்பை அரிக்க வர்றதுக்கு முன்னால இது தன்னைக் கொடுத்துக்கும்."

மூடியைத் திறக்கப் பார்த்தார்கள். விளிம்பைச் சுற்றித் துரு பிடித்து இறுகியிருந்தது.

"துருவுக்கு மருந்துன்னீங்க" என்றார் பட்டறைக்காரர்.

"மருந்து உள்ளேண்ணே. டப்பா நம்மளை மாதிரிதான்."

*

சோதித்துப் பார்க்க, ஜி.ஐ. பைப்பில் மூட்டு வைத்து இரண்டு முழத்துண்டுகள் செய்து கொடுத்தார். ஒன்று அவர் வழக்கம்: பூச்சோடு பற்றவைத்துச் சில்வர். இன்னொன்று தேய்த்து, பற்றவைத்து, கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, ஆறினபிறகு சாம்பல் பெயிண்ட். மொட்டை மாடியில் கொடிக்கம்பியில் இரண்டையும் அவள் தொங்கவிட்டாள். தினம் காலையில் உப்புத் தண்ணீர் தெளித்தாள். ஒவ்வொன்றிலும் கொண்டை ஊசியால் ஒரு கீறல் போட்டாள்.

"அது எதுக்கு?"

"சட்டைப் பொத்தான் உரசாதா? மோதிரம் உரசாதா?"

தாளில் இரண்டு புதுத் தொட்டிகள் சேர்ந்தன. 'பழசு', 'புதுசு'.

பத்தாம் நாள் பழசில் கீறல் பழுத்தது. பதினைந்தில் மூட்டு முழுக்கப் பழுப்பு. அவர் மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு இறங்கினார். பத்தொன்பதாம் நாள் அவரே குரல் கொடுத்தார். "இங்க வா. உன் புதுசைப் பாரு."

புதுசின் மூட்டிலும் ஊசிமுனை ஊசிமுனையாகத் துரு வந்திருந்தது.

"பாத்தியா?" என்றார். அதில் வெற்றி இருந்தது, அந்த வெற்றியை அவரே விரும்பவில்லை. "நான் சொன்னேன்ல? உரிச்சா உரிச்சதுதான்."

மகளுக்கு எட்டாம் மாதம் நடந்தது. மனைவி அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். அவரும் எதிரே உட்கார்ந்தார். கீழே அக்காக்காரி யாரிடமோ பேசிக்கொண்டிருந்த சத்தம் வந்தது, போனது. தூறல் விழுந்தது. இருவரும் எழவில்லை.

"அந்த டப்பாவை எடுத்துட்டு வாங்க" என்றாள்.

மேலாகப் பார்த்தால் வெளிறின எண்ணெய் மாதிரி இருந்தது. ஒரு குச்சியை உள்ளே விட்டாள். பாதியில் நின்றுவிட்டது. அடியில் சேறு. குச்சியை நட்டுவைத்தால் நிற்கிற அளவுக்குக் கெட்டியான, கனத்த சாம்பல் சேறு.

"அடிக்கறதுக்கு முன்னால கலக்கினீங்களா?"

"சில்வரை ஒரு குலுக்குக் குலுக்குவேன். இதையும் குலுக்கினேன்."

அவள் சிரித்தாள். அழுகைக்குப் பக்கத்தில் இருக்கிற சிரிப்பு. "எங்க நிலையத்துல முதல் நாளே சொல்லித்தர்றது இதுதாங்க. பாலைக் கலக்காம சாம்பிள் எடுத்தா அந்த சாம்பிளுக்கு மதிப்பே கிடையாது. மேல எடுத்தா எல்லாம் கொழுப்பு, கீழ எடுத்தா எல்லாம் தண்ணி. நீங்க துத்தநாகத்தையெல்லாம் அடியில விட்டுட்டு, மேல தெளிஞ்சு நின்ன தண்ணியைப் பூசியிருக்கீங்க."

அவர் டப்பாவைத் தன் பக்கம் இழுத்து எட்டிப் பார்த்தார். "இது அடியில போய் ஒக்காந்துக்குமா?"

"கனமானது ஒக்காரத்தானே செய்யும்."

"உன் பால் இதுக்காவது உதவிச்சே" என்றார்.

அன்று கால் மணி நேரம் அவரே கலக்கினார். அடியிலிருந்து சுரண்டிச் சுரண்டி, மோர் கடைகிற மாதிரி. குச்சியிலிருந்து கம்பளி நூலாக இறங்கும் பதம் வந்தபிறகுதான் நிறுத்தினார். புதிதாக ஒரு துண்டு பற்றவைத்து, மூட்டைத் தாண்டி இரண்டு பக்கமும் பழைய பூச்சுமேல் ஒரு விரல் ஏறும்படி இரண்டு முறை பூசினார். 'மூணாவது' என்று தாளில் ஒரு தொட்டி சேர்ந்தது. உப்புத் தண்ணீரை இப்போது அவரே தெளித்தார். அவளைவிடத் தாராளமாகத் தெளித்தார்.

முப்பது நாள். கொண்டை ஊசிக் கீறலில் பழுப்பு வரவில்லை. வெண்மையாக மெல்லிய மாவு பூத்து, அதுவே கீறலை அடைத்துக்கொண்டது. அவர் விரலால் தடவிப் பார்த்தார். கீழே போய்ச் சலவை செய்த தன் வெள்ளைச் சட்டையை எடுத்து வந்து, அதன் முழங்கையால் மூட்டை அழுத்தித் தேய்த்துவிட்டு, அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"என்னடா?"

"கறை இருக்கா பாரு."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "இல்ல" என்றாள். பிறகு அந்தச் சட்டையை அப்படியே மேசைமேல் விரித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். "ரயிலுக்கு இதையே போட்டுக்கோ."

"யார் ரயிலுக்குப் போறா?"

"லீவு போட்டாத்தானே லீவுனால வருதா இல்லையான்னு தெரியும்" என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

*

பத்து நாள் இருந்தார்கள். போன மறுநாளே பேத்தி பிறந்தாள். முதல் நாள் அவர் குழந்தையைத் தொடவே இல்லை. தீப்பொறி பட்டுக் காய்த்துப்போன கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றே பார்த்தார். மூன்றாம் நாள் மகள் குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு மணி நேரம் அசையவில்லை. ஆறாம் நாள் மாடிக் கைப்பிடியில் பழுப்பு மூட்டைக் கண்டுபிடித்து, உப்புத்தாள் கேட்டார்.

"மாமா, இது வீட்டுக்காரரோடது" என்றார் மாப்பிள்ளை.

"துரு யார் வீடுன்னு பாக்காது, மாப்பிள்ளை."

அவர் கொண்டுவந்த கொக்கியில்தான் தொட்டில் ஆடியது.

*

திரும்பி வந்த மறுநாள் திங்கட்கிழமை. ஜி.ஐ. பைப் வேலை, வேண்டுமென்றே அதைத்தான் எடுத்தார். முகமூடியைக் கட்டிக்கொண்டே மூட்டுகளைத் தேய்த்தார். பின்கதவு திறந்திருந்தது. தெருப்பக்கம் தடித்த படுதா. காத்தாடி குறுக்காக ஓடியது. மூக்கும் வாயும் அடங்க இருபுறமும் வடிகட்டி வைத்த முகமூடியோடு அவர் நின்றது, ஏதோ பெரிய பூச்சி எழுந்து நின்ற மாதிரி இருந்தது என்று அக்காக்காரி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

சாயங்காலம் சீக்கிரமே வந்து குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். இரண்டு போர்வையையும் தானே எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வருகிற விருந்தாளிக்குப் பாய் விரித்து வைத்தவர் மாதிரி காத்திருந்தார்.

"நாக்கு தித்திக்குதா?"

நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். "இல்ல."

"தாகம்?"

"சாதாரணமா இருக்கு."

ஆறு மணிக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. ஏழு மணிக்கு அதே. எட்டு மணிக்கு அதே. அவள் எழுதினாள். அவர் தெர்மாமீட்டரை வாங்கி உதறி, இன்னொரு முறை தானே வைத்துப் பார்த்தார்.

"வரல" என்றார்.

"வரலைங்க."

போர்வையை எடுத்து நான்காக மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்து மடித்தார். அலமாரிக் கதவு திறந்தேயிருந்தது. அங்கே ஒட்டியிருந்த தாள்களை அவர் இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து எண்கள் தெரியாது. அவள் கையில் பென்சிலோடு நின்றாள். முன்னறையில் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப, அந்த ஞாயித்துக்கிழமைங்கள்லாம்…" என்றார். நிறுத்தினார். "எத்தனை இருக்கும்? நீதான் எல்லாத்தையும் குறிச்சு வைப்பியே."

அவள் அலமாரிக் கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"அதை மட்டும் குறிக்கலைங்க."

அவர் அவளையே பார்த்தார். பதினாறு வருடத்தில் ஒரு தொட்டியின் ஒரு வேளையைக்கூடக் குறிக்காமல் விட்டவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். மடித்த போர்வைகளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, அலமாரியைத் திறக்காமல், அதன்மேல் வைத்தார்.

"நல்லது" என்றார்.